இரும்பு–பிளாட்டினம் படலம்: 24 டிகிரியில் மெலிந்த உச்சம், 33 டிகிரியில் உயரமான உச்சம். இதே படலம் ஆக்சுவேட்டருக்கும் ஆகுமா?

#1 காந்தப்படலம்

வணக்கம். வெப்ப உதவியோடு எழுதும் வன்தட்டு முறைக்கு (ஹேமர்) ஏற்ற இரும்பு–பிளாட்டினம் படலம் செய்ய முயல்கிறோம். அடுக்கு இப்படி: (100) சிலிக்கான் வேஃபர், அதன்மேல் 300 நானோமீட்டர் வெப்ப ஆக்சைடு, ஆர்எஃப் ஸ்பட்டரிங்கில் (பிளாஸ்மாவால் டார்கெட் என்னும் மூலத்தகட்டின் அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியவைக்கும் முறை) 10 நானோமீட்டர் மெக்னீசியம் ஆக்சைடு, அதற்கு மேல் இரும்பு, பிளாட்டினம் இரண்டு டார்கெட்டுகளையும் சேர்ந்தாற்போல் ஓட்டி 20 நானோமீட்டர். ஹீட்டர் 450 டிகிரி செல்சியஸ், ஆர்கான் 0.4 பாஸ்கல். இரண்டு டார்கெட்டுக்கும் ஒரே வீதம், நொடிக்கு 0.05 நானோமீட்டர்.

எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்ரே கதிர்விலகல் அளவீடு, தாமிரக் கதிர்) 24 டிகிரியில் மெலிந்த உச்சம், 33-இல் கூர்மையான உயரமான உச்சம், 41-இல் அகன்ற உச்சம், 48-க்குச் சற்று முன்னால் ஒரு மேடு. விஎஸ்எம் (அதிரும் மாதிரிக் காந்தமானி) 2 டெஸ்லா வரை போகும். படலத்துக்குச் செங்குத்தாக அளந்தால் கோயர்சிவிட்டி (காந்தமாக்கத்தைப் புரட்டத் தேவையான எதிர்ப்புலம்) 0.9 டெஸ்லா.

கேள்விகள்: 33 டிகிரி உச்சத்தை எல்1₀ கட்டத்தின் (இரும்பும் பிளாட்டினமும் அடுக்கடுக்காக வரிசைப்பட்ட படிக அமைப்பு) (110) தளத்துடையது என்று கொள்ளலாமா? 0.9 டெஸ்லாவை நம்பலாமா? இதே செய்முறையில் 2 மைக்ரான் வரை தடிமன் ஏற்றினால் நுண் ஆக்சுவேட்டருக்கான (காந்தவிசையால் அசையும் சிறு கருவி) நிலைக்காந்தமாக வைத்துக்கொள்ள முடியுமா?

#2 கதிர்விலகல்

33 டிகிரி உச்சத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது பெரும்பாலும் உங்கள் படலத்தில் இல்லை, வேஃபரில் இருக்கிறது. (100) சிலிக்கானில் (200) எதிரொளிப்பு விதிப்படி வரக்கூடாதது. ஆனாலும் கதிர் படிகத்துக்குள் இரண்டு தளங்களில் அடுத்தடுத்துத் திரும்பும்போது 33.0 டிகிரியில் எட்டிப்பார்க்கும். எல்1₀ இரும்பு–பிளாட்டினத்தின் (110) வரவேண்டிய இடமும் 32.9. இந்தத் தற்செயலால் வெளியான கட்டுரைகளிலேயே குழப்பம் நேர்ந்திருக்கிறது.

பிரித்தறிவது எளிது. மாதிரியை அதன் தளத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி (ஃபை கோணம்) அதே வரம்பை மறுபடி எடுங்கள். சிலிக்கான் உச்சம் ஒரு கோணத்தில் கொழுத்து இன்னொன்றில் காணாமல் போகும். பாலிகிரிஸ்டல் படலத்தின் உச்சம் அசையாமல் நிற்கும். ஃபை சுழற்றும் வசதி இல்லையென்றால் ஒமேகாவை (கதிர் மாதிரியில் விழும் கோணம்) 1 டிகிரி தள்ளி வைத்து ஓட்டுங்கள். ஒற்றைப்படிக உச்சம் விழுந்துவிடும். உச்சம் கூர்மையாக இருக்கிறது என்கிறீர்கள். 20 நானோமீட்டர் படலத்திலிருந்து வரும் உச்சம் ஏறத்தாழ அரை டிகிரி அகன்றிருக்கும். அதுவே பாதி பதில்.

மற்ற எண்கள்: எல்1₀ கட்டத்தில் அ-அச்சு (a) 3.85, இ-அச்சு (c, காந்தம் எளிதில் நிற்கும் திசை) 3.71 ஆங்ஸ்ட்ராம். அதன்படி (001) 24.0, (111) 41.1, (200) 47.2, (002) 49.1 டிகிரியில் வரும். வரிசைப்படாத ஏ1 கட்டத்தின் (200) ஏறத்தாழ 47.7. உங்கள் மேடு 48-க்கு முன்னால் நிற்பதால் பெரும்பகுதி இன்னும் ஏ1 கட்டத்தில் இருக்கிறது. நல்ல வரிசையுள்ள படலத்தில் (001) உச்சத்தின் பரப்பு (002)-ஐப்போல ஏறத்தாழ இருமடங்கு இருக்கும். உயரத்தை ஒப்பிடாதீர்கள், பரப்பை ஒப்பிடுங்கள். 47-இன் பக்கம் தோள் தெரிந்தால் இ-அச்சு படுத்துக்கிடக்கும் துகள்களும் இருக்கின்றன என்று பொருள். எழுதும் படலத்துக்கு அது ஆகாது.

#3 வெற்றிடம்

கதிர்விலகல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே வீதத்தில் ஓட்டினால் 50:50 வராது. நானோமீட்டர் கணக்கு கன அளவின் கணக்கு, உங்களுக்கு வேண்டியது அணுக்களின் கணக்கு. இரும்பின் மோலார் கன அளவு 7.09 கன செ.மீ., பிளாட்டினத்துக்கு 9.09. சம அணுக்கள் வேண்டுமென்றால் பிளாட்டினம் வீதம் இரும்பைப்போல 1.28 மடங்கு இருக்க வேண்டும். இப்போது உங்கள் படலத்தில் இரும்பு 56 சதவீதம், பிளாட்டினம் 44. இரும்பு கொஞ்சம் கூடுவது தவறில்லை, 52–53 சதவீதத்தில் கோயர்சிவிட்டி நன்றாகவே வரும். 53:47-க்கு விகிதம் 1.14. இரும்பு 0.05 என்றால் பிளாட்டினத்தை 0.057-க்கு ஏற்றுங்கள்.

வீதத்தைக் குவார்ட்ஸ் கிரிஸ்டல் மானியை மட்டும் நம்பி வைக்காதீர்கள். ஒவ்வொரு உலோகத்தையும் தனியாக 30 நானோமீட்டர் அளவுக்குப் படியவைத்து எக்ஸ்ரே எதிரொளிப்பில் தடிமன் பாருங்கள். இரும்பு டார்கெட் தேயத்தேய அதன் வழியே வெளியே கசியும் காந்தப்புலம் கூடும், அதே வாட்டில் வீதம் நகரும். புது இரும்பு டார்கெட் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் சாதாரண மேக்னட்ரானில் பிளாஸ்மா பற்றவே அடம்பிடிக்கும். 1 மில்லிமீட்டர் நல்லது.

அடுத்தது வெப்பநிலை. 450 டிகிரி என்பது ஹீட்டர் தெர்மோகப்பிள் காட்டும் எண்ணா, வேஃபர் மேற்பரப்பின் எண்ணா? சிலிக்கான் ஏறத்தாழ 600 டிகிரிக்குக் கீழே அகச்சிவப்புக் கதிரைப் பெருமளவு கடத்திவிடும். கிளிப்பால் பிடித்து வெற்றிடத்தில் கதிர்வீச்சால் சூடேற்றினால் ஹீட்டரைவிட 100 டிகிரி தாழ்ந்து நிற்பது சாதாரணம். பழைய வேஃபர் ஒன்றில் தெர்மோகப்பிளைச் செராமிக் சிமெண்டால் ஒட்டி, ஆர்கான் அழுத்தத்தையும் வைத்து ஒரு அட்டவணை எடுத்துவிடுங்கள். வெப்பநிலை பார்க்க உருகும் உலோகத் துண்டு வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. துத்தநாகத்தை மட்டும் சேம்பருக்குள் விடாதீர்கள். உருகும் முன்பே ஆவியாகிச் சுவரெல்லாம் படிந்துவிடும், அதன் பிறகு எத்தனை நாள் பேக் செய்தாலும் (சூடேற்றி வாயு நீக்கினாலும்) போகாது.

மேற்பரப்பு உண்மையாகவே 550–600 டிகிரி தொடட்டும். 24 டிகிரி உச்சம் தானாக எழும்.

#4 ஹிஸ்டெரிசிஸ்

0.9 டெஸ்லா பற்றி. 2 டெஸ்லா விஎஸ்எம்மில் வந்த எண் என்பதால் அதை அப்படியே எடுக்காதீர்கள். முழு வரிசையுள்ள படலத்தின் திசைச்சார்பு ஆற்றல் (காந்தமாக்கத்தை ஓர் அச்சில் பிடித்துவைக்கும் ஆற்றல்) கன மீட்டருக்கு 7 மெகாஜூல் அளவு, செறிவுக் காந்தமாக்கம் மீட்டருக்கு 1.1 மெகா ஆம்பியர். இவற்றிலிருந்து வரும் திசைச்சார்புப் புலம் 12 டெஸ்லாவைத் தாண்டும். தனித்தனித் துகள்களாக நிற்கும் படலத்தில் கோயர்சிவிட்டி 3, 4 டெஸ்லா என்று வருவது இயல்பு. 2 டெஸ்லாவில் நிறுத்தினால் எளிதில் புரளும் துகள்கள் மட்டும் புரளும், கடினமானவை அசையாது. கையில் கிடைப்பது உள்வளையம், அதாவது செறிவடையாமல் பாதியில் திரும்பிய காந்த வளையம். செய்முறை மேம்படமேம்பட அந்த எண் குறைவது போலக்கூடத் தெரியும். நல்ல மாதிரியைத் தூக்கி எறிந்துவிடும் ஆபத்து அங்கேதான்.

உள்வளையமா என்று அதே கருவியிலேயே தெரிந்துகொள்ளலாம். உங்கள் துண்டு 5×5 மில்லிமீட்டர், வேஃபர் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படலத்தின் முழுத் திருப்புத்திறன் 5.5×10⁻⁴ இஎம்யு (திருப்புத்திறனின் அலகு) வரவேண்டும். சிலிக்கானின் எதிர்க்காந்தப் பங்கு 2 டெஸ்லாவில் −7×10⁻⁵ இஎம்யு அளவு. திருத்தம் எதுவும் செய்யாத மூலத் தரவை வரைந்து, உயர்புல முனையில் சரிவைப் பாருங்கள். செறிவடைந்திருந்தால் சரிவு கீழ்நோக்கி இருக்கும், அளவும் மேற்சொன்னதோடு ஒத்துவரும். தட்டையாகவோ மேல்நோக்கியோ இருந்தால் படலம் இன்னும் புரண்டுகொண்டிருக்கிறது. பலர் செய்வது என்னவென்றால், கடைசிப் பகுதிக்கு ஒரு நேர்கோடு பொருத்தி ‘இது வேஃபர்’ என்று கழித்துவிடுகிறார்கள். அப்போது படலத்தின் சொந்தக் காந்தமும் சேர்ந்து கழிந்துபோகும்; வளையம் அழகாக மூடிக்கொள்ளும், பொய்யாக. வெறும் வேஃபர் துண்டை ஒரு முறை அளந்து, எடைக்கு எடை கழியுங்கள்.

7 டெஸ்லாவோ 9 டெஸ்லாவோ உள்ள மீக்கடத்திக் காந்தக் கருவி எட்டும் இடத்தில் இருந்தால் நல்லது. அங்கே போகும் மாதிரியை எஃகு இடுக்கியால் தொடக்கூடாது. ஓரத்தில் ஒட்டும் எஃகுத் துகள் 10⁻⁵ இஎம்யு தரும், வளையத்தின் நடுவில் சுழியப் புலத்தில் ஒரு சிறு படிக்கட்டு விழும். அதைப் பார்த்து ‘மென்காந்தக் கட்டம் கலந்திருக்கிறது’ என்று எழுதிவிடுவார்கள். உண்மையாகவே ஏ1 கலந்தாலும் இதே படிக்கட்டு வரும் என்பதால், செராமிக் இடுக்கி, வைரமுனை வெட்டு, அளக்கும் முன் ஓரங்களை ஐசோபுரொப்பனாலில் துடைப்பது என்று முதலிலேயே சந்தேகத்தை அடைத்துவிட வேண்டும்.

#5 ஆர்டிஏ_அன்பன்

சூடான வேஃபரில் படியவைக்க ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அறை வெப்பநிலையில் படியவைத்து, விளக்குச் சூளையில் நொடிக்கு 50 டிகிரிக்கு மேல் ஏற்றி 650 டிகிரியில் ஓரிரு நிமிடம் வைத்தால் போதும். 10 நானோமீட்டர் அளவுள்ள படலம் மெக்னீசியம் ஆக்சைடே இல்லாமல், வெறும் சிலிக்கா மேலேயே (001) நோக்கில் திரும்பும். சூளையில் வரும் தளவாட்டு இழுவிசையே இ-அச்சை நிமிர்த்திவிடும். ஆர்எஃப் தொல்லையும் மிச்சம்.

#6 வெற்றிடம்

நண்பரே, நோக்கு மட்டும் பார்ப்பதென்றால் நீங்கள் சொல்வது சரி. எழுதும் படலம் என்றால் ஒப்புக்கொள்ள முடியாது. தொடர்ச்சியான 10 நானோமீட்டர் படலத்தை 650-க்கு ஏற்றினால் அது ஆக்சைடு மேல் சுருண்டு தீவுகளாக உடையும். கோயர்சிவிட்டி எண் உயரும், மேடுபள்ளமும் கூடவே உயரும். வன்தட்டின் எழுதும் தலை சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் இடத்தில் அந்த மேடுகளை ஏற்க முடியாது. தடிமன் 20-ஐத் தாண்டினால் (111) திரும்ப வந்துவிடும் என்பதும் உண்டு.

வன்தட்டுக்குத் தேவை துகள்கள் தனித்தனியாக, ஒரே அளவில், நிமிர்ந்து நிற்பது. அதற்குச் சூடான அடித்தளத்தில் இரும்பு–பிளாட்டினத்தோடு கார்பனைச் சேர்த்துப் படியவைக்கிறார்கள். கன அளவில் 30–40 சதவீதம் கார்பன். அது துகள்களின் இடைவெளிகளுக்கு ஒதுங்கும். சிக்கலும் அங்கேதான்: கார்பன் துகளின் தலையையும் மூடுவதால் துகள் தூணாக வளராமல் உருண்டையாகி, 6–7 நானோமீட்டருக்கு மேல் போனால் இரண்டாம் தளத் துகள்கள் கண்ட திசையில் முளைக்கும். சிலிக்கா சேர்த்தால் தூண் வரும், துகள்கள் சரியாகப் பிரியாது. ஆகவே கீழே கார்பன், மேலே சிலிக்கா என்று இரண்டு கட்டமாகச் செய்வது நடைமுறையில் பலன் தருகிறது. வரிசைப்படும் வெப்பநிலையைக் குறைக்க வெள்ளி சேர்க்கலாம். அது இடைவெளிகளுக்கு ஒதுங்கிவிடும். தாமிரம் படிகத்துக்குள்ளேயே புகும். வெப்பநிலை நன்றாக இறங்கும், கியூரி வெப்பநிலையும் (காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை) சேர்ந்து இறங்கும்.

மெக்னீசியம் ஆக்சைடுக்குச் சிறு குறிப்பு. டார்கெட் வெப்ப அதிர்ச்சியில் எளிதில் விரியும், வாட்டை நிமிடத்துக்கு 5–10 என்று மெதுவாக ஏற்றுங்கள், இறக்கும்போதும் அப்படியே. சேம்பரில் நீராவி இருந்தால் (001) நோக்கு கெடும். அடித்தள அழுத்தம் 5×10⁻⁵ பாஸ்கலுக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். அந்த அடுக்கைப் போட்டபின் வெளியே எடுத்துக் காற்றில் வைக்கக்கூடாது. மேற்பரப்பு ஹைட்ராக்சைடாகிவிடும், பிறகு மேலே வருவது எல்லாம் (111).

#7 நுண்விசை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதே செய்முறையில் 2 மைக்ரான்? வேண்டாம். காரணங்கள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன.

முதலாவது உரிவது. இரும்பு–பிளாட்டினத்தின் வெப்ப விரிவு சிலிக்கானைவிட டிகிரிக்கு மில்லியனில் 7–8 பங்கு அதிகம். 600 டிகிரியிலிருந்து ஆறும்போது 1.2 கிகாபாஸ்கல் அளவுக்கு இழுவிசை சேரும். 20 நானோமீட்டரில் தேங்கும் ஆற்றல் சதுர மீட்டருக்கு 0.1 ஜூல் அளவு, ஒட்டு தாங்கிக்கொள்ளும். 2 மைக்ரானில் அது நூறு மடங்கு, 10 ஜூல். மெக்னீசியம் ஆக்சைடு–சிலிக்கா இடைமுகம் அதற்குத் தாங்காது. வெளியே எடுத்ததும் விளிம்பிலிருந்து சுருண்டு எழும். சில சமயம் டெசிக்கேட்டரில் ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டு, ஈரம் பட்ட அன்று எழும். இதைத் தவிர, தடிமன் கூடக்கூட (001) நோக்கு கலைந்து (111) வரும். அப்போது இ-அச்சு செங்குத்திலிருந்து 54.7 டிகிரி சாய்ந்து நிற்பதால் எஞ்சும் காந்தம் பாதி அளவுக்கு வந்துவிடும். பிளாட்டினத்தின் விலையைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்ததைப் பலர் கவனிப்பதில்லை. வேஃபர் முழுதும் ஒரே சீராகச் செங்குத்தாகக் காந்தமாக்கிய படலம் வெளியே புலமே தராது. மேல்தளமும் கீழ்த்தளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். புலம் விளிம்பிலிருந்து மட்டுமே வரும். எஞ்சு காந்தப்புலம் 1.2 டெஸ்லா, தடிமன் 5 மைக்ரான் உள்ள வட்டில் ஒன்றை எடுங்கள். விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால் நடுவில், மேற்பரப்பை ஒட்டி 0.6 மில்லிடெஸ்லா. விட்டம் 50 மைக்ரான் என்றால் 0.12 டெஸ்லா. 10 மைக்ரான் என்றால் 0.42 டெஸ்லா. அதே காந்தம், அதே தடிமன். உடனே 10 மைக்ரானுக்குத் தாவிவிடாதீர்கள்: மேற்பரப்பிலிருந்து 10 மைக்ரான் உயரத்தில் பார்த்தால் 10 மைக்ரான் வட்டில் 0.03 டெஸ்லாதான் தரும், 50 மைக்ரான் வட்டில் 0.09 தரும். உங்கள் ஆக்சுவேட்டரில் காந்தத்துக்கும் அசையும் பகுதிக்கும் உள்ள இடைவெளியை முதலில் முடிவு செய்யுங்கள். வடிவம் அதிலிருந்து வரும்.

தடித்த நிலைக்காந்தப் படலத்துக்கு நியோடைமியம்–இரும்பு–போரான் பொருத்தமானது. கிரெனோபிளில் உள்ள நேயல் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட செய்முறை இன்றும் நல்ல தொடக்கப்புள்ளி: சிலிக்கான் மேல் 100 நானோமீட்டர் டான்டலம், 500 டிகிரியில் 5 மைக்ரான் காந்தப் படலம், மேலே மறுபடி டான்டலம், பிறகு 750 டிகிரியில் 10 நிமிடம் அனீலிங். கன மீட்டருக்கு 400 கிலோஜூல் ஆற்றல் பெருக்கம் (நிலைக்காந்தத்தின் வலிமையளவு) கிடைத்தது. மேல் டான்டலத்தை விட்டுவிடாதீர்கள், நியோடைமியம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விளிம்புகளும் வெட்டு முகங்களும் திறந்திருந்தால் அங்கிருந்தும் அரிக்கும். வடிவம் கொடுக்கப் படலத்தை அரிப்பதைவிடச் (எட்சிங்) சிலிக்கானில் முதலில் பள்ளம் வெட்டி அதன்மேல் படியவைப்பது எளிது.

#8 காந்தப்படலம்

மிக்க நன்றி. ஃபை 15 டிகிரி சுழற்றியதும் 33 உச்சம் முழுதாகப் போய்விட்டது. மூலத் தரவில் உயர்புலச் சரிவு மேல்நோக்கித்தான் இருக்கிறது. விகிதத்தையும் வெப்பநிலையையும் சரிசெய்த பிறகு பெரிய காந்தத்துக்கு அனுப்புகிறோம்.

நுண்விசை அண்ணா, அரிக்காமல் ஒரே படலத்துக்குள்ளேயே எதிரெதிர்த் துருவங்களை அடுத்தடுத்து வைக்க வழி உண்டா? இன்னொன்று: நிலைக்காந்தம் இல்லாமல், புலம் கொடுத்தால் தானே வளையும் படலம் போதுமென்றால் எதை எடுப்பது?

#9 நுண்விசை

உண்டு. அதுவும் நீங்கள் முதலில் கேட்ட ஹேமர் செய்யும் அதே வேலை, பெரிய அளவில். படலம் முழுவதையும் ஒரு திசையில் செறிவூட்டுங்கள். பிறகு எதிர்த்திசையில், கோயர்சிவிட்டியைவிடக் குறைந்த புலத்தில் வைத்து, முகமூடி வழியாக 248 நானோமீட்டர் எக்சைமர் லேசர் துடிப்பு ஒன்று கொடுங்கள். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் சூடேறிக் கோயர்சிவிட்டி சரிந்து, வெளிப்புலத்தின் பக்கம் புரண்டு ஆறும். நேயல் நிறுவனத்தில் இப்படியே நுண்காந்தப் பரப்புகள் செய்தார்கள். வன்தட்டில் முகமூடிக்குப் பதில் தங்கத்தாலான புலக்குவிப்பான், சில பத்து நானோமீட்டர் புள்ளி. கியூரி வெப்பநிலையான 750 கெல்வினை ஒட்டி ஏற்றி ஒரு நானோநொடிக்குள் ஆற்றிவிடுவார்கள். சீகேட் 2024-இல் அறிவித்த, ஒரு தட்டுக்கு 3 டெராபைட் கொள்ளும் வன்தட்டுகள் இந்த வழியில் எழுதுபவை. லேசர் வடிவமைப்பின் எல்லை ஆழம்: துடிப்பு குறுகியதால் வெப்பம் ஏறத்தாழ 1 மைக்ரான்தான் இறங்கும். 5 மைக்ரான் படலத்தில் மேல்தோல் மட்டும் புரளும், அதனால் புலம் கணக்கைவிடக் குறையும். படலத்தை 1–1.5 மைக்ரானிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. துடிப்பு ஆற்றல் கூடினால் மேல் டான்டலம் வெடிக்கும், நுண்ணோக்கியில் முடிபோன்ற விரிசல்கள் தெரியும். குறைந்த ஆற்றலிலிருந்து ஏற்றி வந்து, அவை தோன்றும் இடத்துக்குக் கீழே நில்லுங்கள்.

தானே வளையும் படலம் என்றால் இரும்பு–காலியம், 81:19 அருகில். டெர்பியம் சேர்ந்த படலங்கள் கூடுதலாக நீளும். ஆனால் அரிமானம், விலை, தேவையான புலம் மூன்றும் அதிகம். இரும்பு–காலியம் பாலிகிரிஸ்டல் படலத்தில் மில்லியனில் 50 பங்கு நீட்சி கிடைத்தால் கணக்கு இப்படி: 150 மைக்ரான் கண்ணாடிச் சில்லு, 20 மில்லிமீட்டர் நீளம், மேலே 0.5 மைக்ரான் படலம். புலத்தை நீளவாட்டிலிருந்து குறுக்குவாட்டுக்குத் திருப்பினால் நுனி ஏறத்தாழ 4 மைக்ரான் அசையும். லேசர் கதிரை நுனியில் பட்டுத் திரும்பவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி நிலையறி ஃபோட்டோடயோடு வைத்தால் இது தெளிவாகத் தெரியும்.

அளக்கும்போது ஒரு திசையில் மட்டும் புலம் கொடுத்து நீட்சியைக் கணக்கிடாதீர்கள். தொடக்கத்தில் டொமைன்கள் (ஒரே திசையில் காந்தமான சிறு பகுதிகள்) எப்படிக் கிடந்தன என்பதைப் பொறுத்து விடை மாறும். நீளவாட்டு, குறுக்குவாட்டு இரண்டின் வேறுபாடே நம்பத்தகுந்தது. வளைவிலிருந்து நீட்சியைக் கணக்கிடப் பழைய கட்டுரைகளில் இருக்கும் குளோக்ஹோல்ம் சூத்திரம் படலம் இரு திசைகளிலும் விறைப்பதைச் சரியாகக் கையாளவில்லை, 1994-இல் து த்ரெமொலே, பியூசான் இருவரும் திருத்தியதை எடுங்கள். சில்லு பிடிக்கும் இடத்தில் எபாக்சி வழிந்திருந்தால் பயனுறு நீளம் குறையும். நீளம் இருமடியில் வருவதால் 1 மில்லிமீட்டர் பிழையே 10 சதவீதம் ஆகிவிடும். பிடியை உலோகத் தாடையில் வையுங்கள், காந்தமற்ற உலோகமாக: பித்தளை அல்லது அலுமினியம்.

#10 ஹிஸ்டெரிசிஸ்

பெரிய காந்தத்துக்கு அனுப்பும் முன் ஒரு வேண்டுகோள். ஒரே வேஃபரிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை எக்ஸ்ஆர்டிக்கும் விஎஸ்எம்முக்கும், மற்றதை அணுவிசை நுண்ணோக்கிக்கும் வையுங்கள். 600 டிகிரியில் படலம் தீவுகளாக உடைந்திருந்தால் கோயர்சிவிட்டி மட்டும் பார்த்துத் தெரியாது. செங்குத்து, தளவாட்டு இரண்டு வளையமும் எடுங்கள். தளவாட்டு வளையம் 7 டெஸ்லாவிலும் மூடாமல் திறந்து நின்றால், கதிர்விலகல் சொன்ன 47 டிகிரித் தோளை மறுபடி தேடிப் பாருங்கள்.